41-வது பெயர்: யோகிச் தேர்வான இரவு

2014 ஜூன் 26 இரவு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்ளேஸ் சென்டர் அரங்கம். நம் ஊரில் அப்போது மறுநாள் காலை விடிந்துவிட்டது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. நேரலை தந்த ஈஎஸ்பிஎன் திரையில் டாக்கோ பெல் என்ற உணவகத்தின் விளம்பரம் ஓடுகிறது. பரிட்டோவை சீஸ் தடவிய இன்னொரு ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிய கேசரிட்டோ என்ற பண்டம் அந்த மாதம்தான் கடைக்கு வந்திருந்தது. விளம்பரம் பாட்டுக்கு ஓட, திரையின் அடியில் நகரும் பட்டையில் ஒரு பெயர் வந்து போனது. டென்வர் நகெட்ஸ், 41-வது தேர்வு, நிகோலா யோகிச், செர்பியா.

அந்தத் துண்டுக் காட்சியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மேடை இல்லை, அணியின் தொப்பி இல்லை, கைகுலுக்கல் இல்லை. அந்த நேரத்தில் யோகிச் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் ஷாம்பெய்ன் திறந்து கொண்டாடிக்கொண்டிருந்த அண்ணன் போன் போட்டு எழுப்பிச் சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அந்தப் பட்டையில் ஓடிய பெயர் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் என்பிஏவின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கியது. 2023-இல் டென்வருக்கு அதன் முதல் என்பிஏ கோப்பையைக் கொண்டுவந்தது. இவ்வளவு பின்னால் தேர்வான வேறு யாரும் அந்த விருதை வாங்கியதில்லை.

நாற்பது முறை எல்லோரும் கோட்டைவிட்டார்கள், ஒரே ஒரு அணிக்கு மட்டும் கண் இருந்தது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த இரவின் பட்டியலை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. டென்வரும் அன்று இரவு யோகிச்சை இருமுறை தாண்டிப் போனது. டென்வரின் பெருமை அவரைத் தேர்ந்தெடுத்ததில் இருப்பதைவிட, தேர்ந்தெடுத்த பிறகு நடந்துகொண்ட விதத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒளிபரப்பின் குறையும் அப்படித்தான். விளம்பரம் போட்ட நேரத்தில் அந்தக் குறை இல்லை. யாருக்கு எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே வகுத்து வைத்ததில் இருக்கிறது.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். டிராஃப்ட்டில் யாரும் விலை கேட்பதில்லை. அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்கின்றன. சொன்னதும் அந்த வீரருடன் ஒப்பந்தம் போடும் உரிமை அந்த அணிக்கு வந்துவிடுகிறது. 2014-இல் மொத்தம் 60 பெயர்கள், இரண்டு சுற்று. முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளம் அளவுகோல்படி நிர்ணயம், ஒப்பந்தத்தின் முதல் இரண்டு வருடம் உத்தரவாதம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. அணிக்கு அது கிட்டத்தட்ட இலவசச் சீட்டு. அதனால்தான் ஐரோப்பாவில் ஆடும் பையன்களை இரண்டாம் சுற்றில் எடுத்து, "அங்கேயே ஆடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவைக்கும் பழக்கம் வந்தது.

யோகிச் 41-இல் போனதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. அவர் உடனே அமெரிக்கா வரப்போவதில்லை. உடனே வராத பையனுக்கு முதல் சுற்றுச் சீட்டைச் செலவழிக்க அணிகள் யோசிக்கும். அதையும் மீறிச் செலவழித்தவர்கள் அன்று இருந்தார்கள். 12-வதாகத் தேர்வான குரோஷியாவின் டாரியோ சாரிச்சும், 27-வதாகத் தேர்வான செர்பியாவின் போக்டான் போக்டானோவிச்சும் ஐரோப்பாவிலேயே தங்கப்போகிறவர்கள் என்று தெரிந்தேதான் எடுக்கப்பட்டார்கள். ஆகவே மீதிப் பாதிக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள்

யோகிச் 1995 பிப்ரவரியில் சோம்போர் என்ற ஊரில் பிறந்தவர். குதிரைப் பந்தயத்தில் உயிரையே வைத்திருக்கும் பையன். மிஷ்கோ ரஸ்னாடோவிச் என்ற பெயர்பெற்ற ஏஜென்ட், பத்திரிகையில் வந்திருந்த இளைஞர் போட்டி ஒன்றின் எண்களைப் பார்த்து அசந்துபோய், "யார் இந்தப் பையன்?" என்று விசாரிக்க ஆளனுப்பினார். அப்படித்தான் யோகிச் பெல்கிரேடின் மெகா கிளப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் டேயான் மிலோயெவிச். ஆடிய காலத்தில் அவரும் கூடைக்கு அருகே, உள்வட்டத்தில் ஆடிய வீரர். ஒரு பெரிய உடம்புக்காரனுக்குப் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. மிலோயெவிச் 2024 ஜனவரியில், கோல்டன் ஸ்டேட் அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது இறந்தார். யோகிச்சைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

"யாரும் பார்க்காத கிராமத்துப் பையன்" என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. மெகாவிலிருந்து மட்டும் அன்று இரவு மூன்று பேர் தேர்வானார்கள்: 41-இல் யோகிச், 52-இல் வாசிலியே மிசிச், 54-இல் நெமான்யா டாங்குபிச். மூன்று பேர் டிராஃப்ட்டுக்குப் போகிற கிளப்பின் ஆட்டத்துக்கு, அணிகளுக்காக ஆள் பார்க்கும் ஸ்கவுட்டுகள் வராமல் இருக்க மாட்டார்கள். அது போதாதென்று, டிராஃப்ட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், அமெரிக்காவின் போர்ட்லாண்டிலேயே நைக்கி ஹூப் சமிட் ஆட்டத்தில் உலக அணிக்காக யோகிச் ஆடினார். உலகத்தின் இளம் திறமைகளை ஒரே இடத்தில் பார்க்க என்பிஏ ஆட்கள் திரளும் ஆட்டம் அது. அதே உலக அணியில் ஆடிய கிளின்ட் கப்பேலா 25-வதாகப் போனார்.

எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததை எடைபோட்ட இடத்தில்தான் பிசகினார்கள்.

டிராஃப்ட்டுக்கு முன் ஒவ்வொரு மே மாதமும் சிகாகோவில் கம்பைன் என்ற அளவெடுப்பு நடக்கும். ஷூ இல்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு குதிக்கிறார், பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறார், உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எல்லாம் எண்ணாக வரும். இந்த எண்களுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடமே ஓர் உயிரை அந்தப் பரிசோதனைகள் காப்பாற்றின. பெய்லர் பல்கலைக்கழக அணியின் ஏழடி சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ஐசேயா ஆஸ்டினுக்கு, டிராஃப்ட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் சந்தேகம் எழுந்து, மார்ஃபான் நோய் என்று உறுதியானது. சில நாட்களில் டிராஃப்ட். ஆடினால் உயிருக்கு ஆபத்து. 15-வது தேர்வுக்கும் 16-வது தேர்வுக்கும் நடுவே ஆணையர் ஆடம் சில்வர் மேடையேறி, என்பிஏவே அவரைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆணையராகச் சில்வருக்கு அது முதல் டிராஃப்ட்.

ஆனால் யோகிச்சை இந்த அளவுகோல்களில் நிறுத்தினால் என்ன தெரியும்? ஆறடி பதினோரு அங்குலம், பூசினாற்போன்ற உடம்பு, குதிப்பு இல்லை, ஓட்டம் இல்லை. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் கோக் குடித்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அமெரிக்காவுக்குப் புறப்பட்ட விமானத்தில் கடைசி கோக்கைக் குடித்து அதோடு நிறுத்தினாராம்.

எந்த எண்ணிலும் வராதது ஒன்று இருந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில், கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பந்தை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கைக்கு வந்ததும் தலைக்கு மேல் போய்விடும், எதிராளி எட்டாத உயரத்துக்கு. பார்வை வலது மூலையில் நிற்கும் சகா மேல் இருக்கும். யோகிச்சைத் தடுக்க நிற்கும் ஆளும் அந்தப் பக்கம் ஒரு அடி சாய்வார். அந்த ஒரு அடிதான் யோகிச்சுக்கு வேண்டியது. இடப்பக்கம் கூடையை நோக்கி ஓடிவரும் இன்னொருவரின் கையில், அவர் நின்று திரும்பத் தேவையில்லாத இடத்தில், பந்து ஒற்றைக் கையால் போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கு அவர் தரையை விட்டு எழும்பவே வேண்டாம். 2014-இல் ஒரு சென்டரைப் பார்த்த கண்கள் எழும்புகிறாரா, வளையத்தைக் காக்கிறாரா, ஓடுகிறாரா என்றுதான் முதலில் பார்த்தன. பாஸ் கொடுக்கும் சென்டர் என்பது கூடுதல் அலங்காரம். ஓர் அணியின் தாக்குதலுக்கே அச்சாணியாக ஒரு சென்டர் இருக்க முடியும் என்று வைத்து யாரும் மதிப்பெண் போடவில்லை. போட வேண்டிய கட்டமே அவர்கள் தாளில் இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்துகொண்டிருக்கும் பானைக்குச் சரியாக வராது. பத்தொன்பது வயதுப் பையனை ஓர் ஆட்டத்திலும் ஒரு வொர்க்கவுட்டிலும் பதம் பார்க்கும்போது, அந்த நாளைய பதம்தான் கைக்குக் கிடைக்கும்.

டென்வரின் இரவு

வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த டென்வரின் அப்போதைய ஜெனரல் மேனேஜர் டிம் கானலி. ஐரோப்பாவில் அணிக்காக ஆள் பார்த்தவர் ரஃபால் யூச் என்ற போலந்து இளைஞர். யோகிச்சை அணிக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் பெயர் எப்போதும் முதலில் வரும். ஆனாலும் அந்த இரவில் டென்வர் என்ன செய்தது என்று பாருங்கள். கையிலிருந்த 11-வது இடத்தைச் சிகாகோவுக்குக் கொடுத்து, 16, 19 ஆகிய இரண்டு இடங்களை வாங்கியது. 16-இல் போஸ்னியாவின் யூசுஃப் நுர்கிச். 19-இல் மிச்சிகன் ஸ்டேட்டின் கேரி ஹாரிஸ்.

நுர்கிச்சும் சென்டர், அவரும் பால்கன் நாடுகளின் கிளப்புகள் மோதும் ஏட்ரியாட்டிக் லீகில் ஆடியவர், வயதும் யோகிச் வயதுதான். அதே லீகைப் பார்த்த அதே ஆட்கள், முதல் சுற்றுப் பணத்தை நுர்கிச் மேல்தான் வைத்தார்கள். அகலமான தோள், முரட்டு பலம், உடனே அமெரிக்கா வரத் தயார். அன்றைய அளவுகோலில் அது தவறான முடிவு இல்லை. நுர்கிச் நல்ல வீரராகத்தான் வந்தார். ஆனால் யோகிச் இப்படி வருவார் என்று டென்வருக்குத் தெரிந்திருந்தால் 41 வரை காத்திருக்க மாட்டார்கள். நடுவில் எந்த அணி வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். 39-இல் பிலடெல்பியா ஜெராமி கிராண்ட்டை எடுத்தது, 40-இல் மினசோட்டா கிளென் ராபின்சனை எடுத்தது. அந்த இரண்டில் ஒன்று யோகிச்சாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் நான் வேறு நகரத்தின் பெயரை எழுதிக்கொண்டிருப்பேன்.

கானலியும் இதில் அதிர்ஷ்டம் இருந்ததை மறைத்துப் பேசியவர் அல்ல. எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இதற்குப் பிறகு நடந்தவற்றால்.

யோகிச்சை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு வருடம் மெகாவிலேயே ஆடவிட்டார்கள். 2014-15-இல் அவர் ஏட்ரியாட்டிக் லீகின் மதிப்புமிக்க வீரர் ஆனார். 2015-இல் டென்வர் வந்து முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 10 புள்ளி, 7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்து, அந்தப் பருவத்தின் சிறந்த புதியவர்களுக்கான முதல் அணியில் இடம்பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிரான குழு ஆட்டத்தில் 25 புள்ளி போட்டார். அந்த ஆட்டத்தில் அமெரிக்கா மூன்றே புள்ளி வித்தியாசத்தில் தப்பியது, செர்பியா வெள்ளியோடு திரும்பியது.

இதன் பிறகும் டென்வர் உடனே தெளிந்துவிடவில்லை. முதல் சுற்றில் எடுத்த நுர்கிச்சும் இரண்டாம் சுற்றில் எடுத்த யோகிச்சும் ஒரே நேரத்தில் களத்தில் நின்று பார்த்தார்கள், பொருந்தவில்லை. யோகிச் பெஞ்சுக்குப் போனார். 2016 டிசம்பர் 15-இல் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் அவரைத் தொடக்க சென்டராக நிறுத்தி, ஆட்டத்தையே அவர் கையில் கொடுத்தார். டென்வர் ரசிகர்கள் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். 2017 பிப்ரவரியில் நுர்கிச் போர்ட்லாண்டுக்குப் போனார். அதிகம் செலவழித்து வாங்கியவரை விட்டுவிட்டு, இலவசச் சீட்டில் வந்தவரை வைத்துக்கொள்வது அலுவலக நாற்காலியில் இருப்பவர்களுக்கு எளிதான காரியம் இல்லை. "நாங்கள் 16-இல் எடுத்தது தவறு" என்று வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம் அது. அதை அவர்கள் செய்தார்கள். ஃபெலிப்பே ஐச்சன்பெர்கர் என்ற உடற்பயிற்சியாளர் வருடக்கணக்கில் அந்த உடம்போடு பொறுமையாக உழைத்தார். ஆட்டம் முடிந்த கையோடு யோகிச் எடை தூக்கப் போகும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

திரையில் கிடைத்த நிமிடங்கள்

ஒளிபரப்புக்கு வருவோம். முதல் சுற்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஐந்து நிமிடம், இரண்டாம் சுற்றில் இரண்டு நிமிடம். பெருக்கிப் பார்த்தால் முதல் 30 பேருக்கு இரண்டரை மணி நேரம், அடுத்த 30 பேருக்கு ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் விளம்பரமும் வர வேண்டும். ஒரு விளம்பர இடைவேளை இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எவனோ ஒருவன் அதில் விழுங்கப்படுவான். அன்று விழுங்கப்பட்டவர் யோகிச். அந்த விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஈஎஸ்பிஎன்னைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். அட்டவணையை வகுத்த அன்றே அது முடிவான விஷயம்.

அறிவு இல்லாமல் போனதா என்றால் அதுவும் இல்லை. வெளிநாட்டு வீரர்களைப் பற்றிப் பேசவென்றே ஃப்ரான் ஃப்ரஷில்லா ஒளிபரப்பில் இருந்தார். ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும் அலைந்து பார்த்த மனிதர். 20-வதாக டொரான்டோ, பிரேசிலின் புரூனோ கபோக்லோவை எடுத்தபோது அரங்கமே விழித்தது. அந்தப் பெயரை முன்பு கேட்டவர்கள் சொற்பம். அப்போது ஃப்ரஷில்லா சொன்னதை இன்றும் டிராஃப்ட் பேச்சில் மேற்கோள் காட்டுகிறார்கள்: தயாராவதற்கு இரண்டு வருடம் ஆகும் என்று சொல்ல முடிகிற நிலைக்கு வருவதற்கே இந்தப் பையனுக்கு இரண்டு வருடம் ஆகும். சொன்னபடியே ஆயிற்று. டொரான்டோவில் நான்கு பருவத்தில் கபோக்லோ ஆடியது 25 ஆட்டம்தான். வாய்ப்பும் ஐந்து நிமிடமும் கிடைத்த இடத்தில் அந்த நிபுணர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். 41-வது இடத்தில் அவருக்கு அந்த ஐந்து நிமிடத்தைத் தர ஆளில்லை.

முதல் சுற்றிலும் திரை எதையோ காட்ட, பார்ப்பவர் வேறு எதையோ புரிந்துகொண்ட தருணம் உண்டு. மூன்றாவதாக ஜோயல் எம்பீட் பெயரை அறிவித்தபோது அவர் புரூக்ளினில் இல்லை. காலில் அறுவை முடிந்து லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். பெயர் சொன்ன பிறகும் திரையில் அவர் முகம் கல்லாக இருந்தது. பிலடெல்பியா பிடிக்கவில்லையோ என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். செயற்கைக்கோள் இணைப்பில் ஒலி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். சில வினாடி கழித்துச் சிரித்தார். அந்தச் சில வினாடியைப் பிடித்துக்கொண்டு அவர் மனநிலையை எடைபோட்டவர்கள் ஏராளம். கால் காயத்தை நினைத்துப் பயந்தவர்களும் ஏராளம், அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. முதல் இரண்டு பருவம் அவர் ஆடவே இல்லை. 2023-இல் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். ஒரே இரவு இரண்டு விருதாளர்களைத் தந்தது, ஒருவர் 3-இல், ஒருவர் 41-இல்.

முதலிடம் ஆண்ட்ரூ விகின்ஸ், இரண்டாமிடம் ஜபாரி பார்க்கர். பள்ளிப் பருவத்திலிருந்தே கேமரா பின்தொடர்ந்த பையன்கள். அந்த வருடத்தின் பேச்சு முழுக்க விகின்ஸா, பார்க்கரா, எம்பீடா என்பதாகவே ஓடியது. கேமரா ஒருவரை மூன்று வருடம் பின்தொடர்ந்தால் அவரைப் பற்றிக் காட்ட மூன்று வருடக் காட்சி கையில் இருக்கும். காட்சி இருப்பவருக்கு நேரம் கிடைக்கும், நேரம் கிடைப்பவரைப் பற்றி ரசிகர் பேசுவார், ரசிகர் பேசும் பெயரைத் தாண்டிப் போக அணி முதலாளிகளுக்குத் தைரியம் குறையும். ஒளிபரப்பு மதிப்பீட்டைச் செய்தியாகச் சொல்வதோடு நிற்பதில்லை, மதிப்பீட்டுக்குள்ளேயே கை வைக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

2024-இலிருந்து டிராஃப்ட்டை இரண்டு நாளாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டாம் சுற்றுக்குத் தனி இரவு, தேர்வுக்கு நான்கு நிமிடம். பத்து வருடம் முன்பு அந்த நான்கு நிமிடம் இருந்திருந்தால் ஃப்ரஷில்லா மெகாவின் காட்சித் துண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு வாக்கியமாவது சொல்லியிருப்பார். 41 என்ற எண் மாறியிருக்காது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த பத்துப் பேராவது அந்தப் பெயரைக் குறித்து வைத்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் இரண்டாம் சுற்றில் விளம்பரம் வந்தால் நான் ஒலியைக் குறைத்துவிட்டு அடிப்பட்டையை வாசிக்கிறேன். தெரியாத பெயர் வந்தால் எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பையன் அந்த வருடம் ஆடிய இரண்டு முழு ஆட்டங்களையாவது தேடி எடுக்கிறேன். தொகுத்துப் போட்ட சிறப்புக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, முழு ஆட்டமாகவே பார்க்கிறேன். பந்து கைக்கு வருவதற்கு முந்தின வினாடியில் அவன் கண் எங்கே இருக்கிறது என்று.